செக் என்ஜின் லைட் எரிகிறது, ஓபிடி சாக்கெட் (ஸ்கேனர் மாட்டுகிற இடம்) எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை

பவானிக்கரை – சனி, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். நான்கு மாதம் முன்பு ஒரு பழைய பெட்ரோல் செடான் வாங்கினேன். 2015 மாடல், 71,000 கிலோமீட்டர் ஓடியது. வாங்கிய இரண்டாவது வாரமே டாஷ்போர்டில் மஞ்சள் என்ஜின் லைட் வந்துவிட்டது. ஓடும்போது ஒரு குறையும் தெரியவில்லை. சிக்னலில் நிற்கும்போது மட்டும் லேசாக நடுங்குகிறது.

பக்கத்து ஷெட்டில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்து, ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது, 7,500 ரூபாய் ஆகும் என்றார்கள். என்ன கோடு (கோளாறைக் குறிக்கும் எண்) வந்தது என்று கேட்டேன், சொல்லவில்லை. யோசித்து வரச் சொல்லி, லைட்டை அழித்து அனுப்பிவிட்டார்கள். ஆறாம் நாள் மறுபடி எரிகிறது.

அதனால் நானே பார்க்கலாம் என்று 600 ரூபாய்க்கு ஒரு புளூடூத் டாங்கிள், அதாவது கோடைப் போனில் காட்டும் சின்னக் கருவி, வாங்கினேன். அதை எங்கே மாட்டுவது என்றுதான் தெரியவில்லை. பானெட்டைத் திறந்து பேட்டரி பக்கம் முழுக்கத் தேடிவிட்டேன். வண்டியோடு வந்த புத்தகமும் இல்லை.

நீலாங்கரை – சனி, இரவு 10:05

பானெட்டுக்குள் இருக்காது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடி கைக்கு எட்டும் இடத்தில்தான் வைப்பார்கள். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் மூன்று இடம்: ஸ்டியரிங் தண்டுக்கு நேர் கீழே, வலது முழங்காலுக்கு மேலே பானெட் திறக்கும் நெம்புகோல் பக்கம், அல்லது இடது கால் உரசும் நடு கன்சோலின் ஓரம். சில வண்டியில் பியூஸ் பெட்டியின் மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். சில ஐரோப்பிய வண்டிகளில் சாம்பல் கிண்ணத்துக்குப் பின்னால் வைத்திருப்பார்கள்.

குனிந்து தலையை உள்ளே நுழைக்க வேண்டாம். போனில் டார்ச்சைப் போட்டு, வீடியோ ஓடவிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்துங்கள். அப்புறம் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். தேட வேண்டியது பக்கங்கள் சரிந்த ஒரு பிளாஸ்டிக் சாக்கெட், அதாவது ஒரு பக்கம் அகலம், எதிர்ப்பக்கம் சற்றுக் குறுகல். வரிசைக்கு எட்டாக இரண்டு வரிசை, மொத்தம் 16 துளை. எல்லாத் துளையிலும் உலோகம் இருக்காது, பாதி காலியாக இருந்தால் பயப்பட வேண்டாம்.

பவானிக்கரை – ஞாயிறு, காலை 8:15

கிடைத்துவிட்டது! வலது முழங்கால் பக்கம், சில்லறைக் காசு போடுகிற சின்னத் தட்டை வெளியே இழுத்தால் அதன் பின்னால் பியூஸ் பெட்டி, அதற்குக் கீழே கறுப்பாக இந்தச் சாக்கெட். நான்கு மாதமாக டோல் சில்லறையை அதற்கு முன்னால்தான் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆனால் டாங்கிளை மாட்டினால் அதில் ஒரு விளக்கும் எரியவில்லை. சாவியை ஆன் போட்டும் பார்த்தேன், வண்டியை ஸ்டார்ட் செய்தும் பார்த்தேன். டாங்கிள் கெட்டுப்போனதா?

ஸ்பேனர்செட் – ஞாயிறு, காலை 9:30

தம்பி, டாங்கிளைத் திருப்பி அனுப்பும் முன் ஒரு கேள்வி. உங்கள் வண்டியில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் போன் சார்ஜ் ஏறுகிறதா?

பவானிக்கரை – ஞாயிறு, காலை 9:42

இல்லை அண்ணே. வாங்கிய நாளிலிருந்தே அது வேலை செய்யவில்லை. கையில் பவர் பேங்க் இருப்பதால் கண்டுகொள்ளவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

ஸ்பேனர்செட் – ஞாயிறு, காலை 10:20

அதுதான் சம்பந்தம். ஸ்கேனர் சாக்கெட்டின் 16-ஆம் பின்னுக்கு பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் வரும், சாவி ஆஃபில் இருந்தாலும் வரும். நிறைய வண்டிகளில் அந்த லைனும் லைட்டர் லைனும் ஒரே பியூஸில் ஓடுகின்றன. முன்னால் வைத்திருந்தவர் மலிவான சார்ஜரைச் சொருகி ஷார்ட் ஆகியிருக்கும், பியூஸ் போயிருக்கும். மூடியின் உள்பக்கம் படம் போட்டிருக்கும், லைட்டர் படம் உள்ள பியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் உள்ள உலோகக் கம்பி அறுந்திருந்தால் அதே ஆம்பியரில் புதிது போடுங்கள். 15 எழுதியிருந்தால் 15 மட்டும்தான். 30 போட்டால் அடுத்த முறை பியூஸுக்குப் பதில் வயர் எரியும்.

மீட்டர் இருந்தால் 4-ஆம் பின்னுக்கும் 16-ஆம் பின்னுக்கும் நடுவில் வோல்ட் பாருங்கள். 4-ஆம் பின் பாடி எர்த், 5-ஆம் பின் சிக்னல் எர்த். ஒரே ஒரு எச்சரிக்கை: மீட்டரின் தடித்த முனையைத் துளைக்குள் அழுத்தாதீர்கள். உள்ளே இருக்கும் மெல்லிய தகடு விரிந்துவிட்டால் பிறகு எந்த ஸ்கேனர் மாட்டினாலும் லூஸாகவே நிற்கும். "ஸ்கேனர் லிங்க் ஆகவில்லை" என்று எங்களிடம் வருகிற வண்டிகளில் இப்படி விரிந்த சாக்கெட் பல பார்த்திருக்கிறேன். ஒரு குண்டூசியை லேசாக நுழைத்து, அதன் தலையில் மீட்டரை வைத்தால் போதும்.

பவானிக்கரை – ஞாயிறு, மதியம் 12:50

அண்ணே, சொன்னபடியே 15 ஆம்பியர் பியூஸ் அறுந்திருந்தது. பத்து ரூபாய். டாங்கிளில் சிவப்பு விளக்கு வந்துவிட்டது, லைட்டரும் வேலை செய்கிறது. மிக்க நன்றி.

அடுத்த சிக்கல். என் ஐபோனில் புளூடூத் பட்டியலில் டாங்கிள் தெரியவே இல்லை. மனைவியின் ஆண்ட்ராய்டு போனில் தெரிகிறது.

நீலாங்கரை – ஞாயிறு, மதியம் 1:30

பழைய வகை புளூடூத் டாங்கிள் ஐபோனோடு சேராது. ஐபோனுக்கு வைஃபை டாங்கிளோ புளூடூத் லோ எனர்ஜி உள்ளதோ வேண்டும். இப்போதைக்கு ஆண்ட்ராய்டிலேயே பாருங்கள். பின் நம்பர் கேட்டால் 1234, இல்லாவிட்டால் 0000. போனோடு ஜோடி சேர்த்த பிறகு செயலிக்குள் போய் அங்கேயும் அந்த டாங்கிளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலரும் இந்த இரண்டாவது படியை விட்டுவிட்டுத் தவிக்கிறார்கள்.

டாங்கிள் பற்றி ஒரு வார்த்தை. இவை எல்லாவற்றிலும் ஈஎல்எம்327 என்று போட்டிருக்கும். அது கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய சிப்பின் பெயர். முதல் பதிப்பு காப்பி அடிக்கப்பட்டு, அதிலிருந்துதான் சந்தை முழுக்கப் போலிகள் வந்தன. அந்த நிறுவனம் 2022-இல் கடையை மூடிவிட்டது. பெட்டியில் "வெர்ஷன் 1.5" என்று இருந்தால் அப்படி ஒரு பதிப்பை அவர்கள் வெளியிட்டதே இல்லை. கோடு படிக்க, லைவ் டேட்டா பார்க்கப் போலியும் பெரும்பாலும் போதும். ஆனால் ஏர்பேக், ஏபிஎஸ் என்று மற்ற யூனிட்டுகளுக்குள் நுழைய அதை நம்ப வேண்டாம்.

ஸ்பேனர்செட் – ஞாயிறு, மதியம் 1:55

முக்கியமான விஷயம் தம்பி. செயலியில் "அழி" என்று ஒரு பட்டன் இருக்கும். அதைத் தொடவே கூடாது. கோடை எழுதி வையுங்கள், ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒரு பக்கம் இருக்கும், அதை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கோடு பதிவான அந்த நொடியில் என்ஜின் என்ன நிலையில் இருந்தது என்று வண்டியே எழுதி வைத்திருக்கிற சாட்சி அது. கோடை அழித்தால் அதுவும் போய்விடும். உங்களை அனுப்பினார்களே, அந்த ஷெட்டில் செய்த பெரிய தப்பு அதுதான். விலை சொன்னது இரண்டாவது தப்பு.

பவானிக்கரை – ஞாயிறு, மாலை 5:10

எடுத்துவிட்டேன். ஒரே ஒரு கோடு, பி0171. சிஸ்டம் டூ லீன், பேங்க் 1 என்று வருகிறது.

ஃப்ரீஸ் ஃப்ரேமில்: 790 ஆர்பிஎம், வேகம் 0, கூலன்ட் 88 டிகிரி, லாங் டெர்ம் ஃப்யூல் ட்ரிம் +21, ஷார்ட் டெர்ம் +3.

லீன் என்றால் பெட்ரோல் குறைவு என்று படித்தேன். அப்படியானால் பெட்ரோல் பம்பா? இல்லை, அவர்கள் சொன்ன சென்சாரேதானா?

ஸ்பேனர்செட் – ஞாயிறு, இரவு 8:45

கடை அடைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

சென்சாரே கெட்டிருந்தால் அதற்கென்று தனிக் கோடுகள் உண்டு. பி0135 என்றால் அதன் ஹீட்டர் லைன், பி0133 என்றால் சென்சார் மந்தம். உங்களுக்கு வந்தது அது இல்லை. உங்கள் சென்சார் வேலையைச் செய்கிறது: "புகையில் ஆக்சிஜன் அதிகமாக இருக்கிறது" என்று இசியுவிடம், அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரிடம், சொல்கிறது. பால் திரிந்துவிட்டது என்று சொன்ன ஆளை மாற்றினால் பால் நல்லதாகிவிடாது. ஏன் திரிந்தது என்று பார்க்க வேண்டும்.

ஃப்யூல் ட்ரிம் என்பது இசியு தன் கணக்கின் மேல் எவ்வளவு சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்கிற எண். ஷார்ட் டெர்ம் நொடிக்கு நொடி மாறும். லாங் டெர்ம் அது பழகிக்கொண்ட அளவு. இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். பிளஸ் மைனஸ் பத்துக்குள் இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். உங்களுக்கு மொத்தம் 24. அதாவது கணக்குக்கு மேல் கால் பங்கு பெட்ரோல் கூட ஊற்றிச் சமாளிக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது: என்ஜினைச் சூடாக்கி, வண்டி நின்றபடியே, ரேஸ் கொடுக்காமல் ஐடிலில் ஓடவிட்டு இரண்டு ட்ரிம்மையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் நியூட்ரலில் 2,500 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம் பிடித்து மறுபடி குறியுங்கள். ஐடிலில் அதிகமாக இருந்து, ரேஸ் கொடுத்தால் குறைந்தால், எங்கோ கணக்கில் வராத காற்று நுழைகிறது. ஐடிலில் என்ஜின் குடிக்கிற காற்றே கொஞ்சம், அதில் ஒரு சின்ன ஓட்டை பெரிய பங்கு. 2,500-இல் காற்று நிறையப் போகும்போது அதே ஓட்டை ஒரு பொருட்டே இல்லை. மாறாக ரேஸ் கொடுக்கக் கொடுக்க ட்ரிம் ஏறினால் அப்போது பம்ப், ஃபில்டர், காற்று அளக்கும் சென்சார் பக்கம் போகலாம்.

ஒன்றை உறுதி செய்யுங்கள். லைவ் டேட்டாவில் எம்ஏஎஃப், விநாடிக்கு இத்தனை கிராம் என்று ஒரு எண் வருகிறதா? காற்றை நேராக அளக்கும் அந்தச் சென்சார் உள்ள வண்டிக்குத்தான் இந்த விதி சரியாக வரும். நம் ஊர் சின்னக் கார்கள் பலவற்றில் எம்ஏபி மட்டும்தான், காற்று என்ஜினுக்குள் போகிற மேனிஃபோல்டு குழாயின் அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடும். அதில் ஓட்டை விழுந்தால் ட்ரிம்மை விட ஐடில் ஆர்பிஎம் ஏறுவதுதான் முதலில் தெரியும். இது தெரியாமல் எல்லா வண்டிக்கும் ஒரே வைத்தியம் பார்க்கக் கூடாது.

மலர்க்கொடி – ஞாயிறு, இரவு 9:20

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அடுத்த வாரம் ஒரு பழைய கார் பார்க்கப் போகிறேன். விற்பவர் முந்தின நாள் கோடை அழித்துவிட்டு "லைட்டே இல்லை பாருங்கள்" என்று காட்டினால் இந்த டாங்கிளில் கண்டுபிடிக்க முடியுமா?

நீலாங்கரை – ஞாயிறு, இரவு 9:55

முடியும் மேடம். இரண்டு இடம் பாருங்கள்.

லைவ் டேட்டா பட்டியலில் "கோடு அழித்த பின் ஓடிய தூரம்" என்று ஓர் எண் இருக்கும். 60,000 ஓடிய வண்டியில் அது 12 கிலோமீட்டர் காட்டினால் காரணம் கேளுங்கள். பேட்டரி மாற்றினாலும் சில வண்டிகளில் அது பூஜ்ஜியமாகும், அதனால் பேட்டரி புதிதா என்றும் பாருங்கள். இரண்டாவது, ரெடினெஸ் மானிட்டர். கேட்டலிடிக் கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சார் எல்லாவற்றையும் இசியு தானே சோதித்து "முடிந்தது" என்று போட்டிருக்கும். அழித்தவுடன் எல்லாம் "முடியவில்லை" என்று மாறிவிடும். சில நாள் பலவிதமாக ஓட்டினால்தான் திரும்ப வரும்.

அப்புறம் சாவியை ஆன் போட்டதும், ஸ்டார்ட் செய்வதற்கு முன், மஞ்சள் என்ஜின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தே ஆக வேண்டும். எரியவில்லை என்றால் விளக்கையே யாரோ பிடுங்கியிருக்கலாம்.

வண்டி எந்த வருடம்? அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தே ஓபிடி 2 கட்டாயம், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இலிருந்து. இந்தியாவில் பிஎஸ்4 என்கிற புகை விதிக்கு உட்பட்ட வண்டிகளுக்கு 2010 ஏப்ரலில் ஓபிடி 1, 2013 ஏப்ரலில்தான் ஓபிடி 2. அதற்கு முந்திய நம் ஊர் வண்டிகளில் அதே 16 துளைச் சாக்கெட் இருந்தாலும் பொதுச் செயலியோடு பேசாமல் போகலாம்.

மலர்க்கொடி – ஞாயிறு, இரவு 10:10

2017 மாடல். மிக்க நன்றி சார், இதையே எழுதி எடுத்துப் போகிறேன்.

வன்னிமைந்தன் – திங்கள், காலை 7:30

வணக்கம், கிளிநொச்சியிலிருந்து. இங்கேயும் ஜப்பானிலிருந்து வந்த வாகனங்களில் இதே பிரச்சினை உண்டு. அந்நாட்டு உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த பழைய வாகனங்களில் சொக்கெற் இருக்கும், மலிவான டொங்கிள் போட்டால் ஒன்றும் கதைக்காது. கராஜில் அதற்கான ஸ்கானர் வேண்டும்.

ஆனால் எங்களுக்கு இந்தச் சொக்கெற் உயிர்நாடி. என்னிடம் இருப்பது டொயோட்டா அக்வா ஹைபிரிட், பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடுவது. இங்கே பாவித்த ஹைபிரிட் வாங்குகிறவர்கள் பெரிய பற்றரிக்குத்தான் பயப்படுகிறார்கள். அக்வாவில் 20 மொடியூல், மொத்தம் 144 வோல்ற். ஹைபிரிட்டுக்கென்று உள்ள செயலியில் அவை இரண்டு இரண்டாகச் சேர்ந்து 10 புளொக்காகத் தெரியும். ஏற்றத்தில் அழுத்தி ஓடும்போது ஒரு புளொக் மட்டும் மற்றவற்றைவிடச் சட்டென்று இறங்கினால் அந்த இடத்தில் பலவீனம். அது முற்றினால் பி0ஏ80 வரும், பற்றரியை மாற்று என்று. என்னுடையதில் பற்றரியின் வெப்பம்தான் கூடிக்கொண்டிருந்தது. பின் இருக்கைப் பக்கம் இருக்கிற விசிறியின் காற்று வழியைக் கழற்றினால் உள்ளே தூசி பஞ்சு மாதிரி அடைந்திருந்தது. சுத்தம் செய்த பிறகு இறங்கிவிட்டது.

டீசல்தாத்தா – திங்கள், காலை 8:05

லாரி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு: உங்கள் வண்டி 24 வோல்ட். கார் டாங்கிளை அதில் மாட்டாதீர்கள். என் பேரன் மாட்டி, பொசுங்கிய வாசனை வந்த பிறகு எடுத்தான். 24 வோல்ட்டுக்கு என்று எழுதியிருப்பதையே கேட்டு வாங்குங்கள்.

ஸ்பேனர்செட் – திங்கள், காலை 8:20

ஐயா சொன்னது சரி. இன்னொன்றும் சொல்கிறேன், ஓட்டும்போது எண் பார்க்க நீட்டிப்பு வயர் போடுகிறவர்கள் அதை பெடலுக்குக் கீழே தொங்க விடாதீர்கள். பிரேக் பெடலுக்குப் பின்னால் டாங்கிள் விழுந்து மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எண்ணைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பார்க்கட்டும்.

பவானிக்கரை – புதன், இரவு 9:15

அண்ணே, எம்ஏஎஃப் வருகிறது, ஐடிலில் 2 கிராம் சுற்றி. ட்ரிம் இரண்டையும் கூட்டினால் ஐடிலில் +24, 2,500 ஆர்பிஎம்மில் +5. நீங்கள் சொன்ன முதல் வகைதான். ஓட்டையை எப்படித் தேடுவது? கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்துப் பார்க்கச் சொல்லி ஒரு வீடியோவில் பார்த்தேன்.

ஸ்பேனர்செட் – புதன், இரவு 9:50

சூடான என்ஜின் மேல் கார்ப் கிளீனர் வேண்டாம், தீப்பிடிக்கும். வீட்டில் செய்ய வேண்டிய வேலை இல்லை அது.

இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகிற ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக விரலால் தடவுங்கள், முக்கியமாக வளைவின் அடிப்பக்கம். மேலே பார்த்தால் புதிதாகவே இருக்கும், அடியில்தான் வெடிக்கும். பிசிவி ஹோஸ் (என்ஜினின் எண்ணெய் ஆவியை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோவது), பிரேக் பூஸ்டருக்குப் போகிற ஹோஸ் இரண்டும் முதலில். பிசிவி ஹோஸை ஓட்டைக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில், துணி சுற்றிய கொறடால் நசுக்கிப் பிடித்துக்கொண்டு, வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவரை ட்ரிம்மைப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேன் பெல்ட் பக்கம் சட்டை, கை ஜாக்கிரதை.

பவானிக்கரை – வியாழன், இரவு 7:35

கண்டுபிடித்துவிட்டோம்!

மகளை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து போனைக் கொடுத்தேன், ஏழாவது படிக்கிறாள். ஹேண்ட் பிரேக் போட்டு, கியர் நியூட்ரலில். நான் பிசிவி ஹோஸின் வளைவுக்கு அடியில் விரலை விட்டேன். ரப்பர் பிசுபிசுவென்று ஊறிப்போய், நகம் நுழைகிற அளவுக்கு நீளவாக்கில் ஒரு கீறல். விரலை அதன் மேல் வைத்ததும் தோலை உள்ளே இழுப்பது தெரிந்தது. இத்தனை நாளாகக் காதில் விழுந்துகொண்டிருந்த "ஸ்ஸ்" சத்தம் அதுதான் என்று அப்போதுதான் புரிந்தது, ஏசி சத்தம் என்று நினைத்திருந்தேன்.

கொறடால் நசுக்கினேன். மகள் உள்ளேயிருந்து "ஷார்ட் டெர்ம் மூணு, ரெண்டு, மைனஸ் ஆறு, மைனஸ் பதினேழுப்பா!" என்று கத்துகிறாள். லாங் டெர்ம் மட்டும் +21-இலேயே நிற்கிறது. அது ஏன் இறங்கவில்லை? மைனஸ் 17 என்பது வேறு கோளாறா?

ஸ்பேனர்செட் – வியாழன், இரவு 8:10

சபாஷ், பாப்பாவிடம் சொல்லுங்கள். கோளாறு இல்லை தம்பி. லாங் டெர்ம் இன்னும் பழைய பழக்கத்தில் 21 கூட்டிக்கொண்டிருக்கிறது. ஓட்டை அடைபட்டதும் அது தேவையில்லை, அதனால் ஷார்ட் டெர்ம் 17-ஐக் கழித்துவிட்டது. கூட்டினால் +4, நல்ல எண். ஓட ஓட லாங் டெர்ம் தானே இறங்கி வரும், ஷார்ட் டெர்ம் பூஜ்ஜியத்துக்குப் பக்கம் வந்துவிடும்.

ஹோஸை டேப் சுற்றி ஒப்பேற்றாதீர்கள், எண்ணெய் ஆவி போகிற ஹோஸ், டேப் நிற்காது. அந்த வண்டிக்கென்று வளைத்துச் செய்த ஹோஸையே பார்ட் நம்பர் சொல்லி வாங்குங்கள். கிளிப்பும் புதிது போடுங்கள். மாட்டிய பிறகும் கோடை அழிக்க வேண்டாம். கோளாறு திரும்ப வராமல் மூன்று முறை ஓட்டம் முடிந்தால் லைட் தானே அணையும். தானே அணைந்தால்தான் ரிப்பேர் சரி என்று வண்டி ஒத்துக்கொண்டதாக அர்த்தம்.

நீலாங்கரை – வியாழன், இரவு 8:40

லைட் அணையும் வரை டாங்கிளைச் சொருகியே வைக்காதீர்கள். அந்தப் பின்னில் எப்போதும் மின்சாரம் இருக்கிறதே. இந்த மலிவு டாங்கிள்கள் 40 மில்லி ஆம்பியர் வாக்கில் இழுக்கும், நாளுக்கு ஏறக்குறைய ஒரு ஆம்பியர்-அவர். உங்கள் பேட்டரி 35 ஆம்பியர்-அவர் என்றால், ஊருக்குப் போய் இரண்டு வாரம் நிறுத்தி வைத்தால் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். பத்திரமும் ஒரு காரணம். அந்தச் சாக்கெட் வழியாகப் புதுச் சாவி பதிகிற வண்டிகள் உண்டு. கடவுச்சொல் 1234 உள்ள ஒன்றை எந்நேரமும் அதில் விட்டு வைப்பது நல்லதில்லை.

பவானிக்கரை – ஞாயிறு, மாலை 6:20 (பத்து நாள் கழித்து)

ஹோஸ் 380 ரூபாய், கிளிப் 40. நானே மாட்டினேன். நான்காம் நாள் காலை பள்ளிக்கு விடப் போகும்போது லைட் தானாகவே அணைந்தது, முதலில் பார்த்தது மகள்தான். இன்று லாங் டெர்ம் +2, ஷார்ட் டெர்ம் பூஜ்ஜியத்தில் ஆடுகிறது. மானிட்டர்கள் எல்லாம் "முடிந்தது". சிக்னலில் நடுக்கம் இல்லை.

ஒரே வருத்தம், "கோடு அழித்த பின் ஓடிய தூரம்" பார்த்தேன். ஷெட்டில் அழித்த நாளிலிருந்துதான் காட்டுகிறது. விற்றவருக்கு இது முன்பே தெரியுமா என்று அறிய வழியில்லாமல் போய்விட்டது. ஸ்பேனர்செட் அண்ணனுக்கும் நீலாங்கரைக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

மலர்க்கொடி – ஞாயிறு, இரவு 8:00

வாழ்த்துகள் சார். நான் பார்க்கப் போன வண்டியில் அந்தத் தூரம் 9 கிலோமீட்டர், பேட்டரி பழையது, மானிட்டர் ஒன்றுகூட முடியவில்லை. கேட்டதற்கு விற்பவர் பதில் சொல்லவில்லை. வாங்காமல் வந்துவிட்டேன். இந்தச் சனிக்கிழமை திண்டுக்கல்லில் வேறொன்று பார்க்கிறேன்.

ஸ்பேனர்செட் – ஞாயிறு, இரவு 8:25

நல்ல முடிவு அம்மா. சனிக்கிழமை பார்க்கிற வண்டியை அவர்கள் முன்கூட்டியே சூடாக்கி வைக்காமல், குளிர்ந்த என்ஜினில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சாவி ஆன் போட்டதும் கூலன்ட் வெப்பம் பாருங்கள், வெளிக்காற்றின் வெப்பத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். எண்களை இங்கே போடுங்கள், கடை அடைத்ததும் பார்த்துச் சொல்கிறேன்.